பதினோராவது முகத்துக்கு மாலை

கம்பிப்பாலத் தோட்டம் ஃப்ளாட்,
செனாவாங்.
14.8.2024, புதன்

அன்புள்ள தம்பி வசந்தனுக்கு,

அக்கா குமுதவல்லி எழுதுவது. ஆடி அமாவாசை அன்று காலையில் சுவருக்கு முன்னால் நின்றவர்கள் இவர்கள்: லயன் பக்கத்திலிருந்து பஞ்சாலை அக்கா, ராயப்பன் அண்ணன், நீ. ஃப்ளாட் பக்கத்திலிருந்து நான், லெட்சுமி அக்கா. கடைசியாக வந்து சேர்ந்தவர் லெட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம் அண்ணன். ஆக ஆறு பேர். இன்றைக்கு ஃப்ளாட்டில் யாரைக் கேட்டாலும் "நானும் அங்கதான் நின்னேன், என் கண்ணால பாத்தேன்" என்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதும்போது வராததை வந்ததாக எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. இதுவும் அப்படித்தான்.

அமிர்தலிங்கம் அண்ணனின் மகன் அர்ச்சுனன் உன்மேல் போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கப் போவதாகப் பேச்சு. நாளைக்கு யார் கேட்டாலும் நான் சொல்லப்போவது இதுதான் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தோட்டத்தை விற்றபோது ஃப்ளாட் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட நாங்கள் இந்தப் பக்கம். வீட்டுமனை கொடுத்தால்தான் நகர்வோம் என்று வழக்குப் போட்டவர்கள் பழைய லயன் வீட்டு வரிசையில், அந்தப் பக்கம். நடுவில் கம்பெனி எழுப்பிய சுவர். அதன் இந்த முகத்தில் ஃப்ளாட் சங்கம் வரையவைத்த படம்: கோபுரம், கொடி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கீழே பெரிதாக "நன்றி". அந்த முகத்தில் நீ வரைந்த பதினோரு பேர். விற்பதற்கு முன்னால் மனை கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவர்களின் போட்டோவைப் பார்த்து வரைந்தாய். அதில் பத்துப் பேர், நம் அப்பாவும் சேர்த்து, இப்போது இல்லை. இருப்பவர் அமிர்தலிங்கம் அண்ணன் ஒருவர்தான். அன்றைக்கு ஆள்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்துகொண்டே முன்னால் பலகை பிடித்து நின்றவர். பிறகு ஃப்ளாட்டுக்கு முதல் கையெழுத்துப் போட்டுச் சங்கத் தலைவரும் ஆனார்.

அமாவாசை அன்று பஞ்சாலை அக்கா தன் வீட்டுக்காரர் முகத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார். நான் அப்பாவுக்கு இலை போட்டுப் படைத்தேன். நீ ஏணியில் நின்று ஒவ்வொரு முகமாக மாலை போட்டுக்கொண்டே வந்தாய். பத்தோடு இறங்கிவிடுவாய் என்று இருந்தேன். நீ ஏணியை நகர்த்தி, கடைசியில் இருந்த பதினோராவது முகத்துக்கும் போட்டாய்.

லெட்சுமி அக்கா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "டேய் பாவி, என் தாலிய அறுக்கவாடா ஏணி போட்டுருக்க?"

அந்த நேரம் பார்த்து பசாரிலிருந்து காய்கறிப் பையோடு அமிர்தலிங்கம் அண்ணன் வந்தார். தன் முகத்தையும் மாலையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன வசந்தா, எனக்குக் கருமாதி போட்டுட்டியா? ஒரு வார்த்த சொல்லலாம்லா, நானும் வந்து பந்தியில ஒக்காந்துருப்பேன்" என்றார். ராயப்பன் அண்ணன் சிரித்துவிட்டார். அமிர்தலிங்கம் அண்ணன் எட்டி அந்த மாலையை எடுத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். "எப்படி, மாப்பிள மாதிரி இருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். லெட்சுமி அக்கா "கழட்டுங்க, கழட்டுங்க" என்று அழுதுகொண்டே பின்னால் ஓடினார். அவர் மூன்றாவது மாடி வரை மாலையோடுதான் ஏறினார்.

அந்த வாரம் புதன்கிழமை அவர் குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் இல்லை. மறுநாள் அர்ச்சுனன் நாலு பேரோடு வந்து உன் மோட்டார் சைக்கிளை உடைத்தான். நீ ராயப்பன் அண்ணன் லாரியில் ஏறிப் போனாய்.

போனில் பேச எனக்குப் பயம். நான் உனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஃப்ளாட் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருக்கு அனுப்பினாய், என்ன புத்தியில் அனுப்பினாய்? இனிமேல் கடிதம்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மாலையை என்ன நினைத்துப் போட்டாய்? மாரியம்மன் சாட்சியாக எனக்கு மட்டும் சொல். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால்கூடப் போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்.

உன் அக்கா,
குமுதவல்லி

—

கோலா கிளாவாங்,
16.8.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ராயப்பன் அண்ணன் கோஸ் கூடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். "கட்சி ரகசியம் மாதிரி இருக்குடா, படிச்சிட்டு முழுங்கிடு" என்றார். நான் என் கூட்டாளி தேவனின் மோட்டார் பட்டறையில் இருக்கிறேன். மேலே ஒரு அறை கொடுத்திருக்கிறான். கிரீஸ் வாசனையில் சோறு இறங்கவில்லை, மற்றபடி நலம்.

வாய்ஸ் மெசேஜை லயனில் ஒருவனுக்குத்தான் அனுப்பினேன். "என் அக்கா அழுகிறார், அங்கே நிலைமை என்ன" என்று கேட்க. அது அவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. அது என் தப்பு.

ஆனால் அக்கா, நீயும் கேட்டுவிட்டாய் பார். ஊரே கேட்கட்டும், அர்ச்சுனன் கேட்கட்டும். என்ன நினைத்துப் போட்டாய் என்று நீ கேட்கிறாய் என்றால், சூனியம் வைக்கிறவன் என்று உனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதற்கு மாரியம்மனை வேறு சாட்சிக்குக் கூப்பிடுகிறாய்.

அப்பா முகத்தை வரைந்து எவ்வளவு நாள் ஆயிற்று? உன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் சுவரின் முதுகு தெரியும். சுற்றிவர ஐந்து நிமிஷம். மச்சான் ஏதாவது சொல்வார் என்று அமாவாசை வரைக்கும் நீ வரவில்லை. நான் கேட்டேனா, ஏன் வரவில்லை, என்ன நினைத்தாய் என்று?

இன்னொன்று. கணக்கில் எதையும் விடமாட்டேன் என்கிறாய். என் மோட்டாரை உடைத்தவன் பெயரை எழுதினாய். உடைத்தபோது மச்சான் எங்கே நின்றார் என்று எழுதவில்லை. நான் பார்த்தேன்.

அமிர்தலிங்கம் அண்ணனுக்குப் பிரஷர் இருந்தது தோட்டம் முழுக்கத் தெரியும். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் திரிவார். அவருக்கு வந்தது அதனால். சுவரில் இருப்பது வெறும் பெயிண்ட். அவ்வளவு பயம் என்றால் ஒரு டின் வெள்ளை வாங்கி அந்த ஒரு முகத்தை அடித்துவிடச் சொல். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் மூக்குக் கண்ணாடி லயன் வீட்டில் இருக்கிறது. பஞ்சாலை அக்காவிடம் வாங்கி அனுப்பு.

வசந்தன்

—

செனாவாங்,
20.8.2024, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

மூக்குக் கண்ணாடியைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மாரியம்மன் கோயில் திருநீறும் உள்ளே இருக்கிறது. கொட்டிவிடாதே.

உன் மச்சான் எங்கே நின்றார் என்று கேட்டாய். படிக்கட்டில் நின்றார். இறங்கவில்லை. நான் அன்றைக்கே கேட்டேன். "நான் எறங்கிப் போனா, தர்மராஜ் பொண்டாட்டி தம்பிக்காகச் சங்கத்த விட்டுட்டான்னு பேசுவாங்க. நாளைக்கும் இவனுங்களோடதான் நான் பாக்டரி பஸ்ல போவணும்" என்றார். இதை நான் எழுதாமல் விட்டது தப்புதான். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். உனக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன். அதனாலேயே இப்போதும் கேட்கிறேன்.

வெள்ளை அடி என்றாய். அதைத்தான் செய்யப்போனார்கள். கேள்.

முதலில் ஃப்ளாட் பையன்கள் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுபோய் அந்த முகத்தின்மேல் தொங்கவிட்டார்கள். யாரும் பார்த்து மாலை போடக்கூடாது, சூடம் காட்டக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய லெட்சுமி அக்கா அதைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மொகத்துக்குத் துணி போடறது யாருக்குடா?" என்று கேட்டார். துணியை எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனன் வெள்ளைப் பெயிண்டும் ரோலரும் வாங்கிக்கொண்டு லயன் பக்கம் போனான். நானும் பின்னால் போனேன். இந்த முறை உன் மச்சானைக் கேட்கவில்லை. லயன்காரர்கள் தடுக்கவில்லை. பஞ்சாலை அக்காவே நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் ரோலரை முக்கிக் கையைத் தூக்கிவிட்டான். அதற்குள் லெட்சுமி அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கப்பாவுக்கு மூச்சு இன்னும் இருக்குடா. அதுக்குள்ள பெத்த புள்ள நீயே அவர அழிக்கப் போறியா?"

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்ற? செத்தவங்க வரிசையில அவர் நிக்கறத பாத்துக்கிட்டே இருக்கவா?"

"தெரியல. அழிக்காத. அவ்வளவுதான்."

பாக்டரியில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிற அர்ச்சுனன், நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதான். ரோலரிலிருந்து வெள்ளை அவன் பேண்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாலை அக்கா ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிப்பா. வெக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாதுன்னா சுவர மடிச்சா வெக்க முடியும்?" என்றார். அவன் வாங்கிக் குடித்தான். சுவர் எழும்பிய பிறகு அந்தப் பக்கத்துத் தண்ணீரை அந்தக் குடும்பத்தில் யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

கோயில் பூசாரியிடம் கேட்டோம். "செலைன்னா சொல்லுவேன், கலசம்னா சொல்லுவேன். சுவத்துப் படத்துக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று கையை விரித்துவிட்டார். இப்போது அந்த முகத்தை யாரும் தொடுவதில்லை. லயன் பிள்ளைகள்கூட அந்த மூலையில் விளையாடுவதில்லை. நீ வரைந்தது நன்றாக இருக்கிறது, அதுதான் கொடுமை. போகிறவர் வருகிறவரை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு தடவை அப்படி வந்தால் அமிர்தலிங்கம் அண்ணன் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் பெயர்தான் நிற்கும். பிறகு நீ எந்தக் காலத்திலும் இந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறேன். உனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

கேட்டதற்குப் பதில் எழுது.

குமுதவல்லி

—

கோலா கிளாவாங்,
22.8.2024

அக்கா,

நேற்று ஒரு கார் வந்து பட்டறை வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கி, "செரம்பான் பக்கத்துலேர்ந்து ஒரு பெயிண்டர் வந்துருக்காராமே" என்று தேவனிடம் கேட்டார்கள். அர்ச்சுனன் ஆள்கள் என்று நினைத்து நான் டயர் அடுக்கியிருக்கும் இடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் புதிதாக நாசி லெமாக் சோற்றுக் கடை போடுகிறவர்கள், போர்டு எழுத ஆள் தேடி வந்திருக்கிறார்கள். தேவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். போர்டு இன்னும் எழுதவில்லை.

அர்ச்சுனன் அழுததை எழுதாமல் இருந்திருக்கலாம் நீ.

சரி. கேட்டுக்கொள்.

பஞ்சாலை அக்கா கட்டியது பத்து மாலை. பதினோராவதை நான்தான் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். "ஒருத்தர மட்டும் விட்டா நல்லாருக்காதுக்கா" என்றேன். கூட்டத்தில் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாலை போடும்போது ஒருவரை விட்டால் அவர் முகம் எப்படிப் போகும்? பத்துப் பேருக்குப் போட்டு அவரை மட்டும் மொட்டையாக விட்டால், கையெழுத்துப் போட்டதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று உங்கள் பக்கம் சொல்வார்கள் என்று பயந்தேன். அந்தப் படத்தில் அவரை வரையவே கூடாது என்று எங்கள் பக்கம் எவ்வளவு பேர் சண்டை போட்டார்கள் தெரியுமா? பலகை பிடித்தவர் அவர், அவர் இல்லாமல் அந்தப் படம் பொய் என்று நான்தான் வரைந்தேன். அந்த ஆளுக்கு மாலை இல்லாமல் விடுவேனா?

சூடம் எரிந்துகொண்டிருந்தது. இலையில் படையல் இருந்தது. அமாவாசை என்று தெரியும். ஆனாலும் என் தலையில் ஏறவில்லை அக்கா. ஏணியில் நிற்கும்போது நான் சுவரைத்தான் பார்த்தேன். மாலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் தொங்குகிறதா என்று பார்த்தேன். நீ அங்கே அப்பாவைப் பார்த்தாய், நான் பெயிண்ட்டைப் பார்த்தேன். இதுதான் நான் செய்த தப்பு. சூனியமும் இல்லை, சாபமும் இல்லை.

இதோடு நிறுத்தினால் நல்லவனாகிவிடுவேன். நிறுத்த முடியவில்லை.

லெட்சுமி அக்கா கத்தினாரே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டினால் எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. அமிர்தலிங்கம் அண்ணன் முதல் கையெழுத்துப் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏணியில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன். அந்த ஒரு நிமிஷம் நான் என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. கெட்டது நினைத்தேனா என்றால், நல்லது நினைக்கவில்லை. பிறகுதான் அவர் வந்து கேலி பேசி, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெயிண்ட் ஆளைக் கொல்லாது. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு தடவை லாரிச் சத்தம் கேட்கும்போதும் ஓடிப்போய்க் கேட்கிறேன்.

அந்த ஒரு நிமிஷத்தை யாரிடமும் சொல்லாதே.

வசந்தன்

—

செனாவாங்,
26.8.2024, திங்கள்

அன்புள்ள தம்பி வசந்தனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாமி அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை மாரியம்மனிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

சனிக்கிழமை லெட்சுமி அக்கா நம் வீட்டுக்கு வந்தார். இத்தனை நாளில் முதல் தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறார், பை தோளிலேயே இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டார், "குமுதம், மறைக்காம சொல்லு. ஒன் தம்பி என்னா நெனச்சுட்டு அந்த மாலையப் போட்டான்?"

நீ எழுதியதில் முதல் பாதியைச் சொன்னேன். மேடையில் ஒருவரை மட்டும் விடக்கூடாது என்று போட்டது, அவரை வரையக்கூடாது என்று லயனில் சண்டை போட்டது, நீ விடாமல் வரைந்தது, எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "கூறுகெட்ட பய" என்றார். அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அவனே வரட்டும். வந்து என்னயும் வரையட்டும்."

எனக்குப் புரியவில்லை. "ஒங்களயா?" என்றேன்.

"அவர் பக்கத்துல. கடைசியில எடம் கெடக்குல்ல? நெத்தியில பொட்டு, தலையில பூ, தாலி வெளிய தெரியணும். நான் பொட்டோட பக்கத்துல நின்னா அவர் உசுரோட இருக்காருன்னுதானே அர்த்தம்? அப்புறம் எவன் வந்து அங்க சூடம் கொளுத்துறான்னு பாக்கறேன்."

தம்பி, பூசாரிக்கும் தோன்றவில்லை, சங்கத்துக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் யோசித்துப் பார். ஃப்ளாட் சங்கத் தலைவரின் மனைவி லயன் சுவரில் நிற்பார். அதற்கு இந்தப் பக்கம் என்ன பேசுவார்கள், அந்தப் பக்கம் என்ன பேசுவார்கள்? நான் இதைச் சொன்னேன். "பேசட்டும். நான் என்னா சங்கத்தையா வரையச் சொல்றேன்? புருசன் பொண்டாட்டிய வரையச் சொல்றேன்" என்றார்.

பஞ்சாலை அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்றார். தன் வீட்டுக்காரர் அந்த வரிசையில் இருக்கிறாரே. பிறகு, "நிக்கட்டும். அவளாச்சும் பொட்டோட நிக்கட்டும்" என்றார்.

அர்ச்சுனன் ரிப்போர்ட் கொடுக்கவில்லை. "அம்மா சொன்னா செய்ங்க. நான் அப்பாகிட்ட ஆஸ்பத்திரியில இருக்கேன். அவன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன்" என்றான். அது அவன் வாக்கு. அவனோடு வந்த மற்ற நாலு பேர் வாக்குக் கொடுக்கவில்லை. அதில் இரண்டு பேர் நேற்றுகூட மோட்டாரில் லயனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உன் மச்சானிடம் சொன்னேன். ஏணியைப் பிடிக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சங்கத்து ஏணி வைத்திருக்கும் அறையைப் பூட்டாமல் விடுகிறேன் என்று மட்டும் சொன்னார். அவரிடம் அவ்வளவுதான் கிடைக்கும்.

ஆகவே உனக்கு ஒன்றும் ஆகாது என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாததை எழுதுவதில்லை. வா என்று எழுதக் கை வரவில்லை. வராதே என்று எழுதினால் அந்த அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நேற்று அமிர்தலிங்கம் அண்ணனுக்குக் காய்ச்சல். கண் திறக்கவில்லை. லெட்சுமி அக்கா வேறு எதையும் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்துப் பூ வைத்து நேராகச் சுவரிடம் வந்து நிற்பேன் என்கிறார். போட்டோ கொடுக்க மாட்டாராம், அவர் நிற்பதைப் பார்த்துத்தான் நீ வரைய வேண்டுமாம். அவர் நெற்றியில் பொட்டு இருக்கும்போதே அது முடிய வேண்டும். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு அப்படி வரைய முடியாது. வேறு மாதிரி வரைய லெட்சுமி அக்காவும் சம்மதிக்க மாட்டார், உனக்கும் கை வராது. அந்த முகம் அப்படியேதான் நிற்கும்.

நீ வந்தால் உன் கூடவே நான் நிற்பேன். ஆறு மணிக்கே வந்து நிற்பேன். அது மட்டும் என்னால் முடியும்.

ராயப்பன் அண்ணன் வியாழக்கிழமை மத்தியானம் கோலா கிளாவாங்கிலிருந்து கிளம்புகிறார். வருகிறாயா, இல்லையா? வருவதென்றால் லாரியில் ஏறிவிடு. வரவில்லை என்றால் அதையாவது ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. வெள்ளிக்கிழமை அந்த அம்மா பூ வைத்துக்கொண்டு வெறும் சுவருக்கு முன்னால் நிற்கக்கூடாது. உடனே பதில் அனுப்பு.

உன் அக்கா,
குமுதவல்லி